மூளை அலைப் பதிவை நேர-அதிர்வெண் பகுப்பாய்வுக்குத் தயார் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இ.இ.ஜி, அதாவது தலைத்தோலில் ஒட்டிய மின்முனைகள் எடுக்கும் மூளை அலைப் பதிவை வைத்து முதன்முறையாக நேர-அதிர்வெண் படம் வரையப் போகும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பேச்சு அந்தரத்தில் தொங்காமல் இருக்க ஒரே தரவை வைத்து விளக்குகிறேன். ஃபிசியோநெட் தளத்தில் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய கை-கால் அசைவுப் பதிவுகள் அவை. 109 தன்னார்வலர்கள், 64 சேனல்கள் (மின்முனைக்கு ஒன்று), வினாடிக்கு 160 மாதிரிகள். ஆளுக்கு 14 பதிவுகள். முதல் இரண்டும் ஒவ்வொரு நிமிடம்: ஒன்றில் கண் திறந்து, மற்றதில் கண் மூடி சும்மா இருக்க வேண்டும். மீதி 12 பதிவுகள் சுமார் இரண்டிரண்டு நிமிடம். அவற்றில் திரையில் இலக்கு தோன்றும் பக்கத்துக்கு ஏற்பக் கையை மடக்க வேண்டும், அல்லது காலை அசைக்க வேண்டும். பாதிப் பதிவுகளில் அப்படிச் செய்வதாக மனதில் நினைத்தால் போதும்.

நேர-அதிர்வெண் படத்தில் என்னதான் தெரியும்?

எந்த அதிர்வெண்ணின் ஆற்றல் எந்த நேரத்தில் கூடியது, எப்போது குறைந்தது என்பது தெரியும். இந்தத் தரவில் ஒருவர் வலக்கையை மடக்கும்போது, இடப்பக்கம் இருக்கும் சி3 மின்முனையில் 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரையிலான மியூ அலையின் ஆற்றல் சரியும். கையைத் தளர்த்தியதும் 20 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் பீட்டா அலை துள்ளி எழும். கீழே சொல்லும் எல்லா வேலையும் இந்தச் சரிவையும் துள்ளலையும் பழுதில்லாமல் பார்ப்பதற்காகத்தான்.

இ.ஆர்.பி ஆய்வுக்காக (படம், ஒலி போன்ற தூண்டலுக்கு மூளை தரும் பதிலைப் பல முறை பதிந்து சராசரி எடுப்பது) சுத்தம் செய்த தரவு கையில் இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?

பெரும்பாலும் கூடாது. நானே ஒருமுறை அப்படிச் செய்து மாட்டிக்கொண்டேன். தூண்டலுக்கு 200 மில்லி வினாடி முன்னிருந்து 800 மில்லி வினாடி பின்வரை வெட்டி வைத்த துண்டுகள் இருந்தன. இ.ஆர்.பி-க்கு அது தாராளம். அதன் மேல் வேவ்லெட்டை, அதாவது ஒரே அதிர்வெண்ணில் சில சுழற்சி மட்டும் ஆடி அடங்கும் குட்டி அலையை, ஓட்டினேன். படத்தின் இரண்டு கீழ் மூலைகளிலும் தீட்டா (4 முதல் 8 ஹெர்ட்ஸ் அலை) பளபளவென்று ஜொலித்தது. மகிழ்ச்சியோடு வழிகாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. “4 ஹெர்ட்ஸில் உன் வேவ்லெட்டின் நீளம் எவ்வளவு?” என்று மட்டும் கேட்டார். 5 சுழற்சி வைத்திருந்தேன். 5-ஐ 4-ஆல் வகுத்தால் 1.25 வினாடி. துண்டின் மொத்த நீளமே 1 வினாடிதான். வேட்டியை விட நீளமான முழக்கோலை வைத்து வேட்டியின் கரையை அளந்த கதை.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். இ.ஆர்.பி-யில் நூறு ட்ரையல்களை (ஒரு தூண்டலைச் சுற்றி வெட்டிய துண்டு ஒரு ட்ரையல்) சராசரி எடுக்கும்போது, தூண்டலோடு ஒட்டாத இரைச்சல் மேலும் கீழுமாகப் போய் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கரைந்துவிடும். ஆற்றல் என்பது வீச்சின் வர்க்கம். அதில் எதிர்மறையே கிடையாது. ஒரே ஒரு ட்ரையலில் தாடையை இறுக்கியிருந்தாலும் அந்த ஆற்றல் சராசரிக்குள் அப்படியே குந்திக்கொள்ளும். ஆகவே இ.ஆர்.பி மன்னித்துவிடும் சில அழுக்குகளை இந்தப் பகுப்பாய்வு மன்னிக்காது.

மறுபக்கமும் உண்டு. வேவ்லெட்டே ஒரு குறுகிய வடிகட்டி. நீங்கள் 10 ஹெர்ட்ஸை மட்டும் பார்த்தால், வியர்வையால் வரும் மெதுவான சரிவும் மின்கம்பி இரைச்சலும் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. எந்தப் பட்டையைப் பார்க்கப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்றபடி சுத்தம் செய்ய வேண்டும். எல்லோருக்கும் பொதுவான ஒரே செய்முறையைக் கேட்டு வருபவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

கோப்பைத் திறந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

கண்ணால் பாருங்கள். எந்தக் கட்டளையும் கொடுப்பதற்கு முன் 10 வினாடி, 10 வினாடியாக முழுப் பதிவையும் உருட்டிப் பாருங்கள். தலைத்தோலில் கிடைக்கும் மூளை அலை பொதுவாக 10 முதல் 100 மைக்ரோவோல்ட் வரைதான் இருக்கும். கண் சிமிட்டல் அதைத் தாண்டி மலைபோல எழும். அரை மணி நேரம் உருட்டினால் எது கண், எது கழுத்துத் தசை, எது கழன்ற மின்முனை என்று பிடிபடும்.

அப்புறம் எண்களைச் சரிபாருங்கள். ஃபிசியோநெட் தரவில் சேனல் பெயர்களின் பின்னால் புள்ளிகள் ஒட்டியிருக்கும். அவற்றை நீக்கினால்தான் மென்பொருளுக்கு மின்முனை இருக்கும் இடம் புரியும். ஒரு சிலருடைய பதிவுகள் 160-க்குப் பதில் 128 ஹெர்ட்ஸில் இருக்கின்றன. கவனிக்காமல் எல்லாவற்றையும் சேர்த்து அடுக்கினால் அந்தச் சிலருடைய 10 ஹெர்ட்ஸ் உங்கள் படத்தில் 12.5 ஹெர்ட்ஸாக வந்து நிற்கும். எந்தச் செயல் எப்போது தொடங்கியது என்று காட்டும் குறியீடுகளிலும் ஒரு பொறி இருக்கிறது. டி0 எப்போதும் ஓய்வு. டி1 என்பது சில பதிவுகளில் இடக்கை, வேறு சிலவற்றில் இரு கைகளும். டி2 சிலவற்றில் வலக்கை, மற்றவற்றில் இரு கால்களும். பதிவு எண்ணைப் பார்க்காமல் டி1-ஐ ஒன்றாகக் கொட்டினால் கதை கந்தல்.

முதலில் வடிகட்டுவதா, முதலில் துண்டாக வெட்டுவதா?

முதலில் வடிகட்டுங்கள். 0.5 ஹெர்ட்ஸில் உயர்-அனுமதி வடிகட்டி (அதற்குக் கீழுள்ள மெதுவான அலைகளை அகற்றுவது) போடுகிறீர்கள், அதன் மாறுபட்டையும் (வெட்டுவதிலிருந்து விடுவதற்கு மாறும் இடைவெளி) 0.5 ஹெர்ட்ஸ் அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஓரங்களை மெல்லத் தணிக்கும் ஹாமிங் சாளரம் கொண்ட வடிகட்டியின் நீளம் 3.3-ஐ அந்த அகலத்தால் வகுத்தால் கிடைக்கும்: 6.6 வினாடி. உங்கள் துண்டோ நான்கைந்து வினாடி. துண்டின் இரு விளிம்புகளிலும் வடிகட்டியின் அதிர்வுதான் நிறைந்திருக்கும். தொடர் பதிவின் மேல் வடிகட்டினால் அந்தக் கோளாறு பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் ஒதுங்கிவிடும்.

மின்கம்பி இரைச்சலை மட்டும் வெட்டும் 50 ஹெர்ட்ஸ் நாட்ச் வடிகட்டி கட்டாயமா?

ஃபிசியோநெட் தரவுக்கு 50 அல்ல, 60. அது அமெரிக்காவில் பதிவானது. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். இந்தியாவிலும் இலங்கையிலும் 50. இணையத்தில் கிடைத்த நிரலை அப்படியே ஒட்டுபவர்கள் இந்த ஒரு எண்ணில்தான் அடிக்கடி வழுக்குகிறார்கள்.

கட்டாயமா என்றால், 4 முதல் 40 ஹெர்ட்ஸ் வரை மட்டும் பார்ப்பவருக்குத் தேவையில்லை. காமா எனும் இன்னும் வேகமான அலைகளைப் பார்க்க வேண்டுமென்றால் தேவை. ஆனால் நாட்ச் வெட்டிய இடத்தில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் எதையும் கண்டுபிடித்ததாக எழுதாதீர்கள்.

மாதிரி வீதத்தைக் குறைத்தால் கோப்பு சிறிதாகும். குறைக்கலாமா?

குறைக்கலாம், ஆனால் பத்துக்கு ஒரு புள்ளி என்று பொறுக்கி எடுக்கக் கூடாது. 1000 ஹெர்ட்ஸ் பதிவை அப்படி 100-ஆக்கினால், 60 ஹெர்ட்ஸ் மின்கம்பி இரைச்சல் மடங்கி வந்து 40 ஹெர்ட்ஸில் உட்காரும். பார்ப்பவர் அதைக் காமா என்று நினைத்துக் கட்டுரை எழுதிவிடுவார். மென்பொருளின் மறுமாதிரிக் கட்டளையைப் பயன்படுத்துங்கள். அது முதலில் உயர் அதிர்வெண்களை அகற்றிவிட்டுத்தான் குறைக்கும். ஃபிசியோநெட் தரவு ஏற்கெனவே 160 ஹெர்ட்ஸ். அதில் 80-க்கு மேல் எதுவும் கிடையாது. அதை இன்னும் குறைக்க ஒரு காரணமும் இல்லை.

கெட்டுப்போன சேனலை என்ன செய்வது?

குறித்து வையுங்கள், ஒதுக்கி வையுங்கள், கடைசியில் பக்கத்து மின்முனைகளை வைத்து இடைச்செருகிக்கொள்ளுங்கள். ஒதுக்காமல் சராசரி ரெஃபரன்ஸ் போட்டால் (எல்லாச் சேனல்களின் சராசரியை ஒவ்வொன்றிலிருந்தும் கழித்தால்), அந்த ஒரு சேனலின் கூச்சலில் 64-இல் ஒரு பங்கு மற்ற எல்லாச் சேனல்களுக்கும் போய்ச் சேரும். கூச்சல் 2000 மைக்ரோவோல்ட் என்றால் பங்கு 30-க்கு மேல். மூளை அலைக்குச் சமமான அளவு அது.

ரெஃபரன்ஸ், அதாவது ஒப்பீட்டுப் புள்ளி, எது நல்லது?

64 சேனல் இருந்தால் சராசரி ரெஃபரன்ஸ் பரவாயில்லை. மியூ அலைதான் உங்கள் இலக்கு என்றால் லாப்லாசியனை முயன்று பாருங்கள். பக்கத்து மின்முனைகளோடு ஒப்பிட்டு அந்த இடத்துக்கே உரிய சமிக்ஞையை மட்டும் வைத்துக்கொள்ளும் முறை அது. மியூவின் அதே அதிர்வெண்ணில் பின்மண்டையிலிருந்து பரவி வரும் ஆல்ஃபா அலை சி3-இல் மியூபோல வேடம் போடும். லாப்லாசியன் அந்த வேடத்தைப் பெரும்பாலும் கலைத்துவிடும். காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் ரெஃபரன்ஸ் வைத்தால் கழுத்துத் தசையின் இரைச்சல் அங்கிருந்து எல்லாச் சேனலுக்கும் பந்தி பரிமாறப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஐ.சி.ஏ செய்தே ஆக வேண்டுமா? எத்தனை கூறுகளை நீக்குவது?

பதிவில் கலந்திருக்கும் மூலங்களைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரிக்கும் கணக்குத்தான் ஐ.சி.ஏ. கண் சிமிட்டலை நீக்க அது நல்ல கருவி. ஆனால் அதற்குத் தீனி போதுமான அளவு வேண்டும். சேனல் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் போல 20 முதல் 30 மடங்கு மாதிரிகள் வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. 64-இன் வர்க்கம் 4096. 20 மடங்கு என்றால் 81,920. இரண்டு நிமிடப் பதிவில் 160 வீதம் கிடைப்பது 19,200 மட்டுமே. ஒரு பதிவை மட்டும் கொடுத்தால் ஐ.சி.ஏ ஏதோ ஒன்றைப் பிரித்துத் தரும். அதை நம்ப முடியாது. ஒரே ஆளின் 14 பதிவுகளையும் கோத்துக் கொடுங்கள், ஏறக்குறைய இரண்டரை லட்சம் மாதிரிகள் கிடைக்கும். எல்லாம் ஒரே அமர்வில், தொப்பியைக் கழற்றாமல் எடுத்தவையாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

மெதுவான சரிவு இருந்தால் ஐ.சி.ஏ தன் கவனத்தை அதிலேயே செலவழித்துவிடும். அதனால் தரவின் ஒரு நகலை 1 ஹெர்ட்ஸில் உயர்-அனுமதி வடிகட்டி, அந்த நகலில் ஐ.சி.ஏ-வைப் பயிற்றுவித்து, கிடைத்த எடைகளை (கூறுகளைப் பிரிக்கும் எண்களை) அசல் தரவுக்கு மாற்றுவது வழக்கம். இன்னொன்று: சராசரி ரெஃபரன்ஸ் போட்டதும் சுயேச்சையான சேனல்களின் எண்ணிக்கை 63 ஆகிவிடும். ஒவ்வொரு இடைச்செருகலும் இன்னும் ஒன்றைக் குறைக்கும். 64 கூறுகள் கேட்டு அடம்பிடித்தால் ஒன்றையொன்று பிரதியெடுத்த பேய்க்கூறுகள் வரும். இடைச்செருகலைக் கடைசியில் வைக்கச் சொன்னது இதனால்தான்.

எத்தனையை நீக்குவது? எனக்கு இரண்டு மூன்று போதும்: சிமிட்டல், பக்கவாட்டுக் கண் அசைவு, சில சமயம் இதயத் துடிப்பு. ஒவ்வொன்றுக்கும் தலைவரைபடம், நேர அலை, அதிர்வெண் வளைவு மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் கைவைப்பேன். 64-இல் 25 கூறுகளை நீக்கி “தரவு மிகச் சுத்தமாகிவிட்டது” என்று காட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். சுத்தம்தான். வீட்டுக்காரரையும் சேர்த்துத் துடைத்தெடுத்தாகிவிட்டது.

காமா அலையைப் பார்க்க ஆசை. தசையை எப்படி ஒழிப்பது?

முழுதாக ஒழிக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் விழித்திருக்கும் தன்னார்வலர்களுக்குத் தசையைச் செயலிழக்கச் செய்யும் மருந்து கொடுத்து இ.இ.ஜி எடுத்தார்கள். 2007-இல் வெளியான அந்த ஆய்வின்படி, 20 ஹெர்ட்ஸுக்கு மேல் தலைத்தோலில் பதிவாகும் ஆற்றலில் பெரும் பங்கு தசையுடையது. தசை அடங்கியதும் அது வெகுவாகக் குறைந்துவிட்டது. அடுத்த ஆண்டே ஜெருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு குண்டைப் போட்டார்கள். படம் காட்டியதும் 200 முதல் 300 மில்லி வினாடிக்குள் எழும் அகலமான காமா மேடு, கண்ணின் நுண்ணிய தாவல்களிலிருந்து வருகிறது என்று காட்டினார்கள். மூளை எதையோ உணர்ந்துகொண்டதன் அடையாளம் என்று பலரும் அதுவரை எழுதிவந்த மேடு அது.

ஆகவே 64 சேனல், 160 ஹெர்ட்ஸ், கண் அசைவுப் பதிவு இல்லை என்னும் நிலையில் காமாவைத் தொடாதீர்கள் என்பதே என் அறிவுரை. மியூவும் பீட்டாவும் ஓர் ஆய்வேட்டுக்குத் தாராளம். பீட்டாவிலும் காது ஓரச் சேனல்களை நம்புவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

துண்டு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

நீங்கள் படத்தில் காட்டப்போகும் நேரம், அதோடு இரு பக்கமும் மிகக் குறைந்த அதிர்வெண் வேவ்லெட்டின் பாதி நீளமாவது. தாராளமாக ஒரு வினாடி வைத்துக்கொள்வது என் வழக்கம். ஃபிசியோநெட் தரவில் வேலை சுமார் 4 வினாடி, அதற்கு முன்னால் ஓய்வும் சுமார் 4 வினாடி. இலக்கு தோன்றுவதற்கு 2.5 வினாடி முன்னிருந்து 5 வினாடி பின்வரை வெட்டி, வேவ்லெட் போட்ட பிறகு இருபுறமும் ஒரு வினாடியைக் கத்தரித்துவிடலாம். பக்கத்துத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் பரவாயில்லை. கத்தரிக்கப்போகும் பகுதிதானே.

சுழற்சி எண்ணிக்கையை நிலையாக வைக்காமல் அதிர்வெண்ணோடு கூட்டிக்கொண்டே போகலாம்: 4 ஹெர்ட்ஸில் 3, 40-இல் 10 என்பதுபோல. சுழற்சி கூடினால் அதிர்வெண் துல்லியம் கூடும், நேரம் குழையும். இலக்கு தோன்றும் முன்பே மியூ சரியத் தொடங்கியதுபோல் படம் காட்டினால், மூளை எதிர்பார்த்துத் தயாரானது என்று எழுதும் முன் வேவ்லெட்டின் நீளத்தைப் பாருங்கள். பாதிச் சமயம் அந்தக் குழைவுதான் காரணம்.

ஒப்பிட்டுப் பார்க்கும் அடிநிலையான பேஸ்லைனை எங்கே வைப்பது?

இந்தக் கேள்விக்குத்தான் குறைவாக யோசிக்கிறார்கள், இதில்தான் அதிகம் கெடுகிறது. இ.ஆர்.பி பழக்கத்தில் தூண்டலுக்கு முந்தைய 200 மில்லி வினாடியை வைப்பார்கள். நேரக் குழைவால் தூண்டலுக்குப் பிந்தைய ஆற்றல் அதற்குள் ஒழுகி வரும். அதனால் தூண்டலை ஒட்டாமல் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள்.

எவ்வளவு தள்ளி? பின்னோக்கியும் ஒரு பள்ளம் இருக்கிறது. முந்தைய ட்ரையலில் கையை விட்டதும் பீட்டா துள்ளி எழுமே, அது ஓய்வின் முதல் ஒன்றிரண்டு வினாடிகளை ஆக்கிரமித்திருக்கும். முழு ஓய்வையும் பேஸ்லைனாக எடுத்தால் பீட்டா ஏற்கெனவே உயர்ந்த நிலையிலிருந்து கணக்குத் தொடங்கும். அடுத்து வரும் பீட்டாச் சரிவு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். 4 வினாடி ஓய்வில் இலக்குக்கு 1.5 வினாடி முன்னிருந்து 0.5 வினாடி முன்வரை என்பது இரண்டு பள்ளத்திலும் விழாமல் நிற்கும் இடம்.

பேஸ்லைனால் வகுத்து டெசிபலாக மாற்றுவது ஏன் என்றால், மூளை அலையில் அதிர்வெண் ஏற ஏற ஆற்றல் தானாகவே இறங்கும். மாற்றாமல் வரைந்தால் படத்தின் அடிப்பகுதி மட்டும் சிவந்து, மேலே எல்லாம் ஒரே நீலமாக இருக்கும். சதவீதத்திலும் சொல்லலாம், ஆற்றல் பாதியானால் 50 சதவீதச் சரிவு, டெசிபலில் சுமார் 3. ஆனால் சரிவு 100 சதவீதத்தைத் தாண்ட முடியாது, ஏற்றத்துக்கோ கூரையே இல்லை. இரண்டையும் ஒரே வண்ணப்பட்டையில் ஒப்பிட டெசிபல் நியாயமானது.

இரண்டு நிலைகளிலும் ட்ரையல் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டுமா?

ஆற்றலுக்குச் சற்று முன்னே பின்னே இருக்கலாம். கட்ட ஒருமைப்பாட்டை (அலையின் ஏற்ற இறக்கம் ட்ரையலுக்கு ட்ரையல் ஒரே நேரத்தில் வருகிறதா என்று 0 முதல் 1 வரை சொல்லும் அளவை) கணக்கிட்டால் கட்டாயம் சமமாக்குங்கள். வெறும் தற்செயல் கட்டங்களே 20 ட்ரையலில் சராசரியாக 0.2 மதிப்பு காட்டும். 100 ட்ரையலில் 0.09-தான். ஒரு பக்கம் அதிக ட்ரையல்களைத் தூக்கி எறிந்தாலே போதும், அந்தப் பக்கம் மூளை அதிகம் ஒத்திசைந்ததுபோல் தெரியும். ஃபிசியோநெட் தரவில் ஒரு பதிவுக்கு 15 ட்ரையல்தான், இடமும் வலமும் சேர்த்து. ஒரே வகை மூன்று பதிவுகளையும் கூட்டினால் கைக்கு 22, 23 தேறும். தாராளமாகத் தூக்கி எறியும் நிலையில் யாரும் இல்லை.

எந்த மென்பொருள்?

மேட்லாப் இருந்தால் இஇஜிலேப் அல்லது ஃபீல்ட்ட்ரிப். இல்லாவிட்டால் பைத்தானில் எம்.என்.இ, இலவசம். ஆய்வகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் எதைப் பயன்படுத்துகிறாரோ அதுவே சிறந்தது.

சொந்தமாகப் பதிவு செய்யப் போகிறோம். எதில் கவனம் வேண்டும்?

தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லுங்கள். நம் ஊரில் இதை முந்தைய நாளே சொல்ல வேண்டும். காலையில் சொன்னால் தேங்காய் எண்ணெய் ஏற்கெனவே ஏறியிருக்கும். ஷாம்பு போட்டுக் குளித்துத் தலையை நன்றாகக் காயவைத்து வர வேண்டும். கொண்டையும் இறுக்கிய சடையும் பின்மண்டை மின்முனைகளைத் தூக்கிவிடும். சாதாரண மின்முனை என்றால் மின்தடையை 5 முதல் 10 கிலோ ஓமுக்குள் கொண்டுவாருங்கள். அறை குளிர்ச்சியாக இருக்கட்டும், வியர்வை மெதுவான சரிவைக் கொண்டுவரும். அதற்காக மின்விசிறியைக் கம்பிகளுக்கு மேலே சுழல விடாதீர்கள், கம்பி ஆடினால் அதுவும் பதிவாகும். பதிவில் சரியாக வந்த 10 நிமிடம், பின்னால் மென்பொருளில் 10 மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

சுத்தம் செய்தது போதும் என்று எப்படித் தெரியும்?

விடை தெரிந்த கேள்வியை உங்கள் தரவிடம் கேளுங்கள். ஜெர்மனியின் யேனாவில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனிதத் தலையிலிருந்து முதன்முறையாக இந்த அலைகளைப் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டார். கண்ணை மூடினால் ஆல்ஃபா ஓங்கும், திறந்தால் அடங்கும் என்பது அவர் காலத்திலிருந்தே தெரிந்த செய்தி. ஃபிசியோநெட்டின் முதல் இரண்டு பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முழுச் செய்முறையையும் அவற்றில் ஓட்டி, பின்மண்டை மின்முனைகளின் அதிர்வெண் வளைவை வரையுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டாம் பதிவில் 10 ஹெர்ட்ஸ் அருகே தெளிவான மேடு எழ வேண்டும். சிலருக்கு இயல்பாகவே ஆல்ஃபா குறைவு, அவர்களைப் பார்த்துப் பதற வேண்டாம். யாருக்குமே மேடு எழவில்லை என்றால் உங்கள் சுத்தத்தில்தான் கோளாறு.

அடுத்து, நிஜமாகவே கையை மடக்கிய 3, 7, 11-ஆம் பதிவுகள். வலக்கைக்குச் சி3-இலும் இடக்கைக்கு, வலப்பக்கம் இருக்கும் சி4-இலும் மியூ அதிகமாகச் சரிய வேண்டும். பலரைச் சேர்த்துச் சராசரி எடுத்தும் இரண்டு பக்கமும் ஒரே அளவு சரிந்தால் முதலில் குறியீடுகளைப் பாருங்கள், டி1-இல் இரு கைகளும் கலந்திருக்கலாம். தலைகீழாக வந்தால் இடம் வலம் மாறியிருக்கிறது. இரண்டும் சரியாக வந்த பிறகு, மனதில் நினைத்த 4, 8, 12-ஆம் பதிவுகளைத் திறக்கலாம். அங்கே சரிவு பலருக்கு இதைவிடச் சன்னமாக இருக்கும்.